ஈமக்கடனும் முன்னேற்பாடும்

மாரி காலத்துக்கு விறகு சேர்த்து வைப்பவனை முன்யோசனை உடையவன் என்று உலகம் பாராட்டுகிறது. மகளின் கல்யாணத்துக்கெனச் சீட்டுக் கட்டும் தாயையும் ஊரார் மெச்சுகின்றனர். ஆனால், தமது ஈமக்கடனுக்கென முதியவர் ஒருவர் நாலு காசு ஒதுக்க முற்பட்டால், "அபசகுனமாகப் பேசாதேயுங்கள்" என்று வீட்டார் அவர் வாயை அடக்கிவிடுவர். தப்பாது வருமென்று தெரிந்த ஒரு செலவைப் பற்றி மட்டும் வாய் திறத்தலாகாது என்பது விசித்திரமான வழக்கமன்றோ?

இம்மௌனத்துக்குக் கொடுக்கும் விலை சிறிதன்று. மரணம் நேர்ந்த வீட்டில் அறிவு கலங்கியிருக்கும். பெட்டிக்கு விலை பேசும் மனம் அங்கே எவருக்கு உண்டு? பந்தல், மேளம், விறகு, குருக்களுக்குத் தட்சணை, வானொலியில் மரண அறிவித்தல் என அத்தனைக்கும் ஓரிரு நாளில் பணம் வேண்டும். பின்னர் எட்டுச் செலவு வரும். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரும். காப்பும் சங்கிலியும் அடைவுக்குப் போகும். காணி ஈட்டுக்குப் போகும். இறந்தவர் கவலை நீங்கிச் செல்ல, இருப்பவர் கடனாளியாகின்றனர்.

இத்துயரத்தை முன்கூட்டியே தடுக்க எண்ணியவர்கள் பண்டைக் காலத்திலும் இருந்தனர். உரோமாபுரிக்கு அணித்தான லானுவியம் என்னும் ஊரிலே, கி.பி. 136ஆம் ஆண்டில் ஒரு சங்கத்தின் விதிகள் கல்லிற் பொறிக்கப்பட்டன. சேர்பவர் 100 செஸ்டர்ஸ் காசும் ஒரு சாடி நல்ல திராட்சை மதுவும் கொடுத்தல் வேண்டும். மாதந்தோறும் 5 ஆஸ் செலுத்துதல் வேண்டும். அவர் இறந்தால் ஈமச்செலவுக்கு 300 செஸ்டர்ஸ் வழங்கப்படும். 4 ஆஸ் கொண்டது ஒரு செஸ்டர்ஸ். ஆதலின் 20 ஆண்டுச் சந்தா அத்தொகைக்குச் சமமாகும். அடிமைகளும் அதில் அங்கத்தவராயிருந்தனர். அடிமையின் உடலைக் கொடுக்க எசமானன் மறுத்தால், அவனுக்காக ஓர் உருவம் செய்து கிரியை நடத்துவதென்றும் விதி வகுத்திருந்தனர். உயிரோடிருக்கையில் பெறாத மதிப்பை இறுதி நாளிலாவது பெறவேண்டும் என்ற ஏழையின் வேட்கையை அக்கல் இன்றும் உரைக்கின்றது.

இங்கிலாந்திலும் அவ்வேட்கையே தொழிலாளரைச் சேமிக்கத் தூண்டிற்று. 1832ஆம் ஆண்டுச் சட்டம், உரிமை கோருவாரற்ற ஏழைகளின் உடல்களை மருத்துவ மாணவரின் பயிற்சிக்கு அளிக்க வழி செய்தது. அக்கதிக்கு அஞ்சிய குடும்பங்கள், அரைவயிறு உண்டேனும் வாராவாரம் பென்னிக் காசுகளை ஈமச் சங்கங்களுக்குக் கட்டி வந்தன.

இலங்கைக் கிராமங்களில் இப்பணியை மரண உதவிச் சங்கங்கள் ஆற்றுகின்றன. நூறு குடும்பங்கள் சேர்ந்தால், ஓராண்டில் மரணம் நேர்வது சிலவற்றிலேதான். ஏனையோர் சந்தா அச்சிலரைத் தாங்குகிறது. மரணம் நிகழ்ந்த உடனே ஒரு தொகை கைக்கு வரும். கதிரை, பந்தல், தேநீர்ப் பாத்திரம் ஆகியனவும் வரும். அவற்றினும் மேலாக, அயலார் வந்து வேலையைப் பகிர்ந்துகொள்வர்.

எனினும், முன்பணம் என்பது நம்பிக்கையின் மேல் நிற்பது. தந்தவர் தம் பொருள் ஒழுங்காகச் செலவாயிற்றா என்று எழுந்து வந்து கேட்கப் போவதில்லை. 2022ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் ஈமச்சடங்குக்கு முன்பணம் பெற்று வந்த ஒரு நிறுவனம் முறிந்தது. 40,000க்கும் மேற்பட்டோரின் ஏற்பாடுகள் நிலைகுலைந்தன. அவ்வாண்டு ஜூலை மாதத்திலேதான் அத்தொழில் அந்நாட்டு நிதிக் கண்காணிப்பு அதிகாரசபையின் கீழ் வந்தது. ஊர்ச் சங்கங்களுக்கும் அதிலே ஒரு பாடமுண்டு. பணம் ஒருவரின் பெட்டகத்தில் இருத்தல் கூடாது. வங்கியில், இருவர் கையொப்பத்தின் கீழ் இருக்கவேண்டும். ஆண்டுதோறும் கணக்கைச் சபையில் வாசிக்கவேண்டும். இளைஞர் வெளிநாடு செல்ல முதியோரே எஞ்சிய ஊரில், பழைய சந்தா போதுமா என்பதையும் பார்க்கவேண்டும். இளையோர் சேராத சங்கம் நெடுநாள் நில்லாது.

பணத்தைச் சேர்த்தாற் போதாது. விருப்பத்தையும் சொல்லிவைத்தல் நன்று. எத்தகைய பெட்டி, எவ்வளவு மேளம், எத்தனை பேருக்கு அன்னதானம் என்பவற்றைப் பெரியவர் ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, சங்கப் புத்தகத்தோடு வைத்தால் பிள்ளைகளின் சுமை பாதி குறையும். "அப்பாவுக்கு இவ்வளவுதானா செய்தான்?" என்ற ஊர்ப்பேச்சுக்கு அஞ்சியே பல மகன்மார் கடன்படுகின்றனர். "எளிமையாகச் செய்யுங்கள்" என்று தந்தையே எழுதி வைத்திருப்பின், அந்த ஒரு வரி மகனுக்குக் கவசமாகும். பிள்ளைகளுக்குக் காணியும் வீடும் விட்டுச் செல்ல இயலாதவரும் இந்த ஓர் உபகாரத்தைச் செய்துவிட்டுப் போகலாம்.