ஆலங்குடாவிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு

(சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஏதாவது பயண அனுபவம் பேசும்படி செயலாளர் கேட்டார். 2024இல் ஆம்ஸ்டர்டாமில் படிக்கும் மகளிடம் போய்வந்தேன், அதையே சொல்கிறேன். புத்தளம் ஆலங்குடாவில் இருக்கும் எனக்கு அது முற்றிலும் அந்நிய ஊரல்ல. எங்கள் சந்தியில் பஸ் ஏறினால் கற்பிட்டிக் கோட்டைக்குப் போகலாம். 1667இல் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கிய கோட்டை அது. இப்போது கடற்படையினர் இருக்கிறார்கள். அதைக் கட்டியவர்களின் ஊரையும் ஒருமுறை பார்ப்போமே என்று மகளிடம் சொல்லிச் சிரித்தேன்.

முதல் நாள் டாம் சதுக்கத்து அரண்மனைக்குப் போனோம். 1655இல் திறந்தபோது அது நகர மண்டபம், பிற்காலத்தில்தான் அரண்மனையானது. சேற்று நிலம் என்பதால் 13,659 மரக்குற்றிகளை அடித்திறக்கி, அவற்றின் மேல் கட்டியிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் எனக்கு வாப்பாவின் நினைவு வந்தது. 1990இல் ஆலங்குடா மணலில் அவர் நட்ட நாலு கம்புகள் ஒரு காற்றுக்குக்கூட நிற்கவில்லை. கொட்டிலின் கிடுகைப் பக்கத்துக் கொட்டில்காரர்தான் பொறுக்கிக்கொண்டு வந்து தந்தார்.

மண்டபத்தின் சலவைக்கல் தரையிலே உலகப்படம் பதித்திருக்கிறார்கள். நம் தீவைத் தேடிப் போனேன். அது இருக்க வேண்டிய இடத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்! எழுப்ப மனம் வரவில்லை.

கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமையகம் இன்று பல்கலைக்கழகத்தின் கட்டடம். வாசலில் மாணவர்களின் சைக்கிள்கள். அப்படியே ரைக்ஸ் அருங்காட்சியகத்துக்கும் போனோம். 1765இல் கண்டியிலிருந்து கொள்ளையடித்துக் கொண்டுபோன பீரங்கி நெடுங்காலம் அங்கேதான் இருந்தது. நான் போவதற்கு முன்பே, 2023 டிசம்பரில், வேறு ஐந்து பொருட்களோடு கொழும்பு தேசிய அருங்காட்சியகத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. அதைப் பார்க்க நான் கொழும்புக்கே போயிருக்கலாம். விமானச் செலவாவது மிஞ்சியிருக்கும்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல வந்தது ஆன் ஃபிராங்க் வீட்டைப் பற்றி. ஆறு வாரத்துக்கு முன்பே மகள் இணையத்தில் சீட்டு எடுத்து வைத்திருந்தாள். புத்தக அலுமாரிக்குப் பின்னால் ஒரு கதவு. ஏணி மாதிரிச் செங்குத்தான படிகள். என் முழங்காலுக்குச் சோதனை. 1942 ஜூலையிலிருந்து 1944 ஓகஸ்ட் வரை எட்டுப் பேர் அங்கே ஒளிந்திருந்தார்கள். ஒளிந்தபோது ஆனுக்குப் பதின்மூன்று வயது. பிடித்துக்கொண்டு போனபின் வீட்டுச் சாமான்களை அள்ளிவிட்டார்கள். உயிரோடு திரும்பிய தகப்பன், அறைகள் வெறுமையாகவே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அதனால் இன்றும் கட்டிலோ மேசையோ இல்லை. சுவரில் ஓரிடத்தில் மட்டும் பென்சில் கோடுகள். பிள்ளைகள் இருவரும் வளர வளர உயரம் பார்த்துக் கீறியவை. அந்த இரண்டு வருடத்தில் ஆன் பதின்மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் வளர்ந்திருக்கிறாள்.

சோனகத் தெருவில் எங்கள் வீட்டுக் கதவு நிலையிலும் அப்படிக் கோடுகள் இருந்தன. உம்மா கரியால் கீறுவா. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேறியபோது எனக்குப் பதினாலு வயது, ஒன்பதாம் வகுப்பு. பிறகு போய்ப் பார்த்தபோது நிலையும் இல்லை, கதவும் இல்லை. அவர்களுடைய துயரத்துக்கு எங்களுடையதை ஈடாகச் சொல்லவில்லை. நாங்கள் உயிரோடு வந்தோம். ஆன் முகாமில் இறந்துபோனாள். ஆனாலும் அந்தச் சுவரின் முன்னே கால் நகரவில்லை. பின்னால் நின்ற சனம் பொறுமையாகக் காத்திருந்தது. மகள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வந்து கால்வாய் ஓரத்தில் உட்கார்ந்தபோது அவள் கேட்டாள்: "உம்மா, உங்கட ஸ்கூல்ல உங்கட பேர் இருக்குமா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. விடுகைப் பத்திரம் எடுக்க நேரம் இருக்கவில்லையே. அது இல்லாமலேதான் புத்தளத்தில் சேர்ந்து படித்தேன். அதனால் நான் பழைய மாணவியா இல்லையா என்ற தயக்கம் முப்பது வருடத்துக்கு மேலாக என்னிடம் இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் சங்கத்துக்கு எழுதினேன். அங்கத்துவப் படிவம் வந்தது. 'கற்ற காலம்' என்ற இடத்தில் 1982 முதல் 1990 ஒக்டோபர் வரை என்று எழுதி அனுப்பினேன். அலுவலகத்திலிருந்த பிள்ளை பழைய இடாப்பைத் தேடியெடுத்து, என் பெயர் இருந்த பக்கத்தைப் படம்பிடித்து அனுப்பினா. ஒக்டோபர் கடைசி வாரம்வரை எனக்கு வரவு போடப்பட்டிருக்கிறது. அதே பக்கத்தில் இன்னும் நான்கு பேர். இரண்டு பேரை ஆலங்குடாவிலேயே தெரியும். அவர்களுக்கும் படிவம் வாங்கிப் போகிறேன். மற்ற இருவரையும் யாராவது அறிந்திருந்தால், கூட்டம் முடிந்ததும் தயவுசெய்து என்னிடம் வந்து சொல்லுங்கள்.