ஒரு மாதத்து வானிலைப் பதிவேடு

(அரசு அலுவலர்களும் கல்லூரி மாணவர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரை)



வானிலை நிலையத்துப் பதிவேட்டைக் கையில் எடுப்போர் மிகச் சிலர். எண்கள், மேலும் எண்கள், அடியில் ஒரு கூட்டுத்தொகை, அதன் கீழ் ஒரு சராசரி. இவ்வளவுதான் அதில் உள்ளது என்று எண்ணி மூடிவிடுகின்றனர். ஆயினும் குடிநீர், வேளாண்மை, பொதுச் சுகாதாரம், வடிகால் ஆகிய நான்கு துறைகளுக்கும் அடிப்படையான செய்திகள் அப்பதிவேட்டில்தான் அடங்கியுள்ளன. அதைப் படிக்கும் முறையை ஒரே ஒரு நிலையத்தின் ஒரே ஒரு மாதத்தைக் கொண்டு விளக்க விரும்புகிறேன். புது தில்லி சப்தர்ஜங் நிலையத்தின் 2024 ஜூன் மாதப் பதிவே நான் எடுத்துக்கொள்ளும் சான்று.

தில்லியில் ஜூன் கோடையின் கடைசி மாதமாகும். மேற்கிலிருந்து வரும் அனல் காற்று மாதத்தின் பெரும்பகுதியில் வீசும். ஜூன் 27ஆம் நாளை ஒட்டித் தென்மேற்குப் பருவமழை வந்து சேர்வது இயல்பு. எனவே இம்மாதத்தின் பதிவேட்டில் இரு பருவங்கள் சந்திக்கின்றன.

அளவிடும் முறை

முதலில், எண்கள் எவ்வாறு பிறக்கின்றன என்பதை அறிதல் வேண்டும். வெள்ளை வண்ணம் பூசிய, காற்று உட்புகும் சட்டங்களால் ஆன மரப்பெட்டிக்குள் வெப்பமானிகள் வைக்கப்படுகின்றன. இதை வடிவமைத்தவர் ஸ்காத்லாந்தின் பொறியாளர் தாமஸ் ஸ்டீவன்சன். வெயில் நேரே கருவியின்மீது படலாகாது. தரையின் சூடும் தாக்கலாகாது. காற்றின் வெப்பம் மட்டுமே அளக்கப்பட வேண்டும். இதுவே அப்பெட்டியின் நோக்கம். வெயிலில் நிறுத்திய காரின் கண்ணாடிக்குள் தெரியும் எண்ணையும் நிலையத்தின் எண்ணையும் ஒப்பிடுதல் பொருந்தாது என்பது இதனால் விளங்கும்.

மழையளவு நாள்தோறும் காலை 8.30 மணிக்கு எடுக்கப்படுகிறது. முந்தைய நாள் காலை 8.30 முதல் பெய்த மழை முழுவதும் அன்றைய தேதியில் எழுதப்படும். அதாவது, 27ஆம் நாள் மாலையில் பெய்த மழை 28ஆம் தேதிக் கணக்கில் வரும். நிவாரண உதவிக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் மழைச் சான்று வழங்கும் அலுவலர்கள் இதை நினைவிற் கொள்ள வேண்டும்.

இரண்டு நாள்கள்

சப்தர்ஜங்கில் ஜூன் மாதம் முழுமைக்கும் இயல்பான மழையளவு 74.1 மில்லிமீட்டர். 2024 ஜூனில் பதிவானதோ 240 மில்லிமீட்டருக்கும் மேல். மாத இறுதி அறிக்கையை மட்டும் படிப்பவர், "இயல்பைப் போல் மூன்று மடங்குக்கும் மேலான மழை; வளமான மாதம்" என்று முடிவு செய்வார். பதிவேட்டின் நாள்வாரிப் பக்கம் வேறு செய்தி கூறுகிறது. ஜூன் 28ஆம் நாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் மட்டும் 228.1 மில்லிமீட்டர் பெய்தது. அதிலும் காலை 5 மணிக்கும் 6 மணிக்கும் இடையே 91 மில்லிமீட்டர். எஞ்சிய 29 நாள்களிலும் சேர்ந்து பெய்தது மாத மழையில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஒரே நாளில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் பெய்வதை 'அதி கனமழை' என்று இந்திய வானிலை ஆய்வுத் துறை வகைப்படுத்துகிறது. சப்தர்ஜங்கில் ஜூன் மாதத்தில் இதைவிட மிகுந்த ஒருநாள் மழை முன்னர் பதிவானது 1936 ஜூன் 28ஆம் நாளில், அன்று 235.5 மில்லிமீட்டர். 88 ஆண்டுகளுக்குப் பின் அதே தேதியில் அதற்கு நெருங்கிய மழை பெய்துள்ளது.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு லிட்டர் நீர். இக்கணக்கின்படி அன்று ஒவ்வொரு ஹெக்டேர் நிலத்திலும் விழுந்த நீர் ஏறத்தாழ 22.8 லட்சம் லிட்டர். மண்ணாக இருந்த இடம் தாராகவும் கான்கிரீட்டாகவும் மாறிய நகரத்தில் இந்நீர் எங்கே செல்லும்? தில்லியின் வடிகால் பெருந்திட்டம் 1976இல் வகுக்கப்பட்டது. 1971ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கு மக்கள்தொகை சுமார் 40 லட்சம். 2011இல் 1 கோடியே 68 லட்சம். சுரங்கப்பாதைகளும் சாலைகளும் அன்று நீரில் மூழ்கின, உயிர்ச்சேதமும் நேர்ந்தது. வடிகாலை வடிவமைக்கும் பொறியாளருக்கு மாதச் சராசரி பயன்படாது. ஒரு மணி நேரத்தில் எவ்வளவு பெய்யக்கூடும் என்ற எண்ணே அவருக்குத் தேவை.

இனி இரண்டாவது நாள். அது மழைக்கு ஒன்பது நாள் முந்தியது. ஜூன் 19ஆம் தேதி சப்தர்ஜங்கின் குறைந்தபட்ச வெப்பநிலை 35.2 டிகிரி செல்சியஸ். இயல்பைவிட ஏறத்தாழ 8 டிகிரி கூடுதல். நண்பகலின் வெப்பத்தையல்ல, இரவும் விடியலும் சேர்ந்த பொழுதில் வெப்பம் மிகவும் தாழ்ந்து நின்ற நிலையையே இவ்வெண் குறிக்கிறது என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். பகல் வெப்பம் 40 டிகிரியோ அதற்கு மேலோ இருந்து, இரவு வெப்பம் இயல்பைவிட 6.4 டிகிரிக்கு மேல் உயர்ந்தால் அதைக் 'கடும் வெப்ப இரவு' என்பர்.

பகலில் வெயிலில் உழைத்த உடல் இரவின் குளிர்ச்சியில்தான் தன்னைச் சீர்செய்து கொள்கிறது. இரவும் சூடாக இருப்பின் இதயத்திற்கும் சிறுநீரகத்திற்கும் ஓய்வு கிட்டுவதில்லை. தகரக் கூரையின் கீழ் உறங்கும் கட்டுமானத் தொழிலாளியும், முதியோரும், கைக்குழந்தைகளும் இதற்கு முதலில் இரையாகின்றனர். செய்தித்தாள்கள் பெரும்பாலும் அதிகபட்ச வெப்பத்தையே முதல் பக்கத்தில் இடுகின்றன. மருத்துவமனைக்குப் படுக்கைகளை ஆயத்தம் செய்யும் அலுவலரோ குறைந்தபட்ச வெப்பத்தின் பத்தியையும் நாள்தோறும் பார்த்தல் வேண்டும்.

ஒரு நகரம், பல எண்கள்

ஒரு நிலையத்தின் எண் முழு நகரத்திற்கும் பொருந்துமா? ஜூன் 28ஆம் நாளில் சப்தர்ஜங்கில் 228.1 மில்லிமீட்டர் பெய்தபோது லோதி சாலையில் 192.8, பாலத்தில் 106.6, ஆயாநகரில் 66.3 மில்லிமீட்டரே பதிவாயின. சில மைல் இடைவெளியில் இத்துணை வேற்றுமை! மாவட்டத் தலைநகரின் மழைமானியைக் கொண்டு மாவட்டம் முழுவதற்கும் வறட்சியையோ வெள்ளத்தையோ முடிவு செய்வது எத்துணைப் பிழையானது என்பதற்கு இதுவே சான்று. வட்டாரந்தோறும் மழைமானி வேண்டும் என்று வலியுறுத்துவதன் காரணமும் இதுவே.

ஆனால் கருவிகளின் எண்ணிக்கை பெருகினால் மட்டும் போதாது. அவை நம்பத்தக்கனவாகவும் இருத்தல் வேண்டும். அதே கோடையில், 2024 மே 29ஆம் நாள், தில்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி எனக் காட்டியது. அன்று சப்தர்ஜங்கில் 46.8 டிகிரி. முங்கேஷ்பூரின் எண் நிலைத்திருந்தால் ராஜஸ்தானத்துப் பலோதியில் 2016 மே 19இல் பதிவான 51.0 டிகிரியையும் அது விஞ்சியிருக்கும். வானிலை ஆய்வுத் துறை தரமான கருவியை அங்கு வைத்து ஒப்பிட்டுப் பார்த்தது. உணர்கருவி சுமார் 3 டிகிரி மிகையாகக் காட்டியது தெரியவந்தது. கருவியைச் சோதித்து உண்மையை வெளியிட்டதனால் பதிவேட்டின் நம்பகத்தன்மை காக்கப்பட்டது.

இரு பதிவேடுகளின் சந்திப்பு

வானிலைப் பதிவேடு தனித்து நிற்கும்வரை அதன் பயன் பாதியே. அகமதாபாத் நகரின் அனுபவம் இதைத் தெளிவாக்கும். 2010 மே மாதத்தில் அங்கு வெப்பநிலை 46.8 டிகிரி வரை உயர்ந்தது. வெப்பத் தாக்குதலால் இறந்தோர் என்று சான்றளிக்கப்பட்டவர் சிலரே. பின்னர் ஆய்வாளர்கள் நகரின் இறப்புப் பதிவேட்டை எடுத்து அம்மாதத்தின் எல்லா இறப்புகளையும் எண்ணினர். அம்மே மாதத்தில் 4,462 இறப்புகள். ஒப்பீட்டுக்குக் கொண்ட ஆண்டுகளின் மே மாதச் சராசரியோ 3,118. ஆக, 1,344 உயிர்கள் மிகையாகப் பிரிந்திருந்தன. எந்த மருத்துவமனைக் கணக்கிலும் தெரியாதிருந்த இவ்வுண்மை, இரு பதிவேடுகளை அருகருகே வைத்தபோது வெளிப்பட்டது. அதன் விளைவாக 2013இல் அந்நகரில் வெப்பச் செயல்திட்டம் நடைமுறைக்கு வந்தது. முன்னெச்சரிக்கை அறிவிப்பு, மருத்துவப் பணியாளர் பயிற்சி, பொதுமக்களுக்கு அறிவூட்டல் ஆகியவை அதன் கூறுகள். பிற நகரங்களும் மாநிலங்களும் பின்னர் அவ்வழியைப் பின்பற்றின.

நாம் செய்யத்தக்கவை

அலுவலர்களுக்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, மழைமானியின் சூழலைக் காத்தல். அருகில் உள்ள மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரு மடங்கு தொலைவிலேனும் மானி இருத்தல் வேண்டும். இரண்டாவது, மழை பெய்யாத நாளில் 0.0 என்று தவறாது எழுதுதல். வெற்றிடம் விட்டால், மழை இல்லையா, அளக்கப்படவில்லையா என்பது பின்னர் எவருக்கும் விளங்காது. மூன்றாவது, மாதக் கூட்டுத்தொகையுடன் மிகுதியான ஒருநாள் மழையையும் மழைநாள்களின் எண்ணிக்கையையும் சேர்த்து அறிக்கை அனுப்புதல். 2.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் பெய்த நாளே மழைநாள் ஆகும்.

மாணவர்கள் தம் ஊருக்கு அண்மையில் உள்ள நிலையத்தின் பழைய பதிவுகளில் ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுத்து, அதனுடன் அம்மாதத்துக் கிணற்று நீர்மட்டத்தையோ விளைச்சலையோ மருத்துவமனை வருகையையோ ஒப்பிட்டுப் பார்க்கலாம். நல்ல ஆய்வுக்கு அதுவே தொடக்கமாகும்.

சென்னையில் 1792இல் வானாய்வகம் நிறுவப்பட்டது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875இல் தோன்றியது. அன்று முதல் நாள்தோறும் குறித்த நேரத்தில் கருவியின் முன் நின்று எண்ணை எழுதி வைத்த பெயர் தெரியாத பணியாளர்களால்தான் 1936ஆம் ஆண்டின் மழையை இன்று நாம் அறிய முடிகிறது. நாம் இன்று எழுதும் எண்களும் வருங்காலத்தில் ஒரு வடிகாலின் அகலத்தையோ, ஒரு மருத்துவமனையின் ஆயத்தத்தையோ முடிவு செய்யக்கூடும். அவற்றைச் செம்மையாக எழுதுவது நம் கடமை.