கை ஓயாதவர்களுக்குக் காதே துணை

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! இந்தச் சுழலும் சொல்லரங்கத்தில் மூன்று அணியிலும் அமர்ந்திருக்கிற அறிஞர் பெருமக்களே! எதிரே திரண்டிருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே! வீட்டிலே ஒரு கையில் முறுக்கும் இன்னொரு கையில் ரிமோட்டுமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிற அன்பு நெஞ்சங்களே! அந்த முறுக்கைச் சுட்டுக் கொடுத்துவிட்டு, அடுக்களையில் நின்றபடியே எங்கள் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிற என் சகோதரிகளே! எல்லாருக்கும் வணக்கம். (கைதட்டல்)

அந்தக் கடைசி வணக்கத்துக்குரியவங்களுக்காகத்தான் நடுவர் அவர்களே, நான் இந்த மேடைக்கே வந்திருக்கேன்.

ஓய்வு நேரத்துக்கு உற்ற துணை எது? படிப்பதா, கைவேலையா, கேட்பதா? இதுதான் தலைப்பு. முதல்ல பேசிய நண்பர் படிப்புதான்னாரு. 1977லிருந்து சென்னையிலே புத்தகக் காட்சி நடக்குதே, அந்தக் கூட்டத்தைப் பாருங்கன்னாரு. நல்ல வாதம். ரெண்டாவதா வந்த தங்கை, ஒயர்க்கூடை, பூத்தையல், குரோஷா பின்னல்னு அடுக்கினாங்க. அதுவும் நல்ல வாதம். ஆனா ரெண்டு பேருமே ஒரு கேள்வியைத் தாண்டிப் போயிட்டாங்க. ஓய்வு நேரம், ஓய்வு நேரம்னு சொல்றீங்களே, அது வீட்டிலே யார்கிட்ட இருக்கு?

நானா சொல்லல. தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஊர் ஊரா, வீடு வீடாப் போய், ஒவ்வொருத்தரும் 24 மணி நேரத்தை எப்படிச் செலவு பண்றாங்கன்னு கணக்கெடுத்துச்சு. 2019ஆம் ஆண்டுக் கணக்கிலே, சம்பளமில்லாத வீட்டு வேலை செய்கிற பெண் ஒரு நாளைக்கு 299 நிமிஷம் அதிலே செலவழிச்சா. ஆண் 97 நிமிஷம். 2024இல் மறுபடியும் எடுத்தாங்க. பெண்ணுக்கு 289 ஆச்சு. பரவாயில்லையே, பத்து நிமிஷம் குறைஞ்சிருக்கே, நம்ம ஆளுங்க கை கொடுத்திருப்பாங்க போலன்னு சந்தோஷப்பட்டேன். அடுத்த வரியைப் பார்த்தா, ஆணுக்கு 97லிருந்து 88! அவங்களும் ஒன்பது நிமிஷம் குறைச்சுக்கிட்டாங்க! (பலத்த சிரிப்பு)

அதுவும் எப்படி? அன்னைக்கு ஏதாவது வீட்டு வேலை செஞ்ச ஆண்களை மட்டும் எடுத்துச் சராசரி போட்டாத்தான் இந்த 88. துடைப்பத்தைத் தொடாத மகராசன்கள் இந்தச் சராசரிக்குள்ளேயே வரல.

இப்போ சொல்லுங்க. புத்தகத்துக்கு ரெண்டு கண்ணும் வேணும், அதைப் பிடிக்க ஒரு கை வேணும். கைவேலைக்கு ரெண்டு கையும் வேணும், கண்ணும் வேணும். கையிலே கரண்டியும், கண்ணு பாலிலேயும் இருக்கிற ஒருத்திக்கு மிச்சம் இருக்கிறது என்ன? காது ஒண்ணுதானே!

எதிரணி நண்பர் கேலி பண்ணினாரு. 'பாட்காஸ்ட், பாட்காஸ்ட்னு காதுல பஞ்சு மாதிரி எதையோ அடைச்சுக்கிட்டுத் திரியுறாங்க, இதெல்லாம் நேத்து வந்த மோகம்'னாரு. அய்யா, பேரு வேணும்னா புதுசு. 2004இல் ஓர் ஆங்கிலப் பத்திரிகையாளர் வெச்ச பேரு அது. ஐபாட்னு ஒரு சின்னப் பாட்டுப் பெட்டி இருந்தது, அந்தப் பேர்லேருந்து பிறந்தது. 2022இல் அந்தப் பெட்டியையே நிறுத்திட்டாங்க. பெட்டி போச்சு, பேரு நிக்குது. ஜமீன் போன பிறகும் ஜமீன்தார் வீடுன்னு பேரு நிக்கிற மாதிரி!

பேருதான் புதுசு. பழக்கம் பழசு. கியூபா நாட்டிலே ஹவானா நகரம். 1865ஆம் ஆண்டு. அங்கே சுருட்டுத் தொழிற்சாலையிலே நூற்றுக்கணக்கான பேர் வரிசையா உட்கார்ந்து சுருட்டுச் சுத்துறாங்க. கைக்கு ஓய்வில்லை. ஆனா காது சும்மாத்தானே இருக்கு? தங்கள் கூலியிலிருந்தே ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, ஒருத்தரை உயரமான மேடையிலே உட்கார வெச்சு, செய்தித்தாளும் நாவலும் வாசிக்கச் சொன்னாங்க. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி, அலெக்சாண்டர் டூமாவின் நாவலை முழுசாக் கேட்டான். கேட்டவங்களுக்கு அது எவ்வளவு பிடிச்சதுன்னா, 'மாண்டி கிறிஸ்டோ'ன்னு அந்தக் கதையின் பேரே ஒரு சுருட்டுக்குப் பேராச்சு.

அவ்வளவு தூரம் ஏன் போகணும்? நம்ம தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் பீடி சுத்துற பெண்களைப் பாருங்க. மடியிலே தட்டு, பக்கத்திலே ரேடியோ. அந்தக் காலத்திலே இலங்கை வானொலி பாட, இவங்க விரல் ஓட, பொழுது போறதே தெரியாது. நடவு வயல்லே ஒருத்தி பாட, மத்தவங்க பின்பாட்டுப் பாடினதும் இதே கணக்குத்தான். கை சேத்துக்குள்ளே, காது பாட்டுக்குள்ளே!

கேட்பது வெறும் பொழுதுபோக்குன்னு நினைக்காதீங்க. 1960களிலே தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27ன்னு ஒரு புது நெல் வந்தது. விவசாயிங்க அதை என்ன பேர் சொல்லிக் கேட்டு வாங்கினாங்க தெரியுமா? 'ரேடியோ நெல்'! திருச்சி வானொலியிலே கேட்டுக் கேட்டு விதைச்சதாலே அந்தப் பேரு. காது வழியா வந்த சேதி, களத்துமேட்டிலே குவிஞ்சது நடுவர் அவர்களே! (கைதட்டல்)

'காதிலே கேட்டா மனசிலே நிக்காது, கண்ணாலே படிச்சாத்தான் நிக்கும்'னு ஒரு வாதம் வெச்சாங்க. எங்க அம்மாவைப் பத்திச் சொல்றேன். 83 வயசு. அஞ்சாம் வகுப்பு வரைக்கும் படிச்சவங்க. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950லிருந்து 1954 வரைக்கும் தொடரா வந்தபோது, அவங்க பாவாடை கட்டின சின்னப் பொண்ணு. திண்ணையிலே பெரியவர் ஒருத்தர் வாசிப்பாராம். பெண்கள் மொச்சைக்கொட்டை உரிச்சுக்கிட்டே கேட்பாங்களாம். இன்னைக்கு அம்மாவுக்குப் பார்வை மங்கிப்போச்சு, எழுத்து தெரியறதில்லை. என் மக கைப்பேசியிலே அதே கதையின் ஒலிநூலைப் போட்டு விட்டா. ரெண்டாம் நாள் அம்மா சொல்றாங்க: 'ஏம்மா, இவரு ரொம்ப வேகமாப் படிக்கிறாரு. எங்க திண்ணைத் தாத்தா நந்தினி பேசுற இடத்திலே குரலைத் தாழ்த்துவாரு!' எழுபது வருஷம் கழிச்சும் குரல் எந்த இடத்திலே இறங்கிச்சுன்னு ஞாபகம் இருக்கு. எதிரணியிலே மெத்தப் படிச்சவங்க இருக்கீங்க. போன மாசம் படிச்ச புத்தகத்திலே ஒரு பக்கம் இப்படி ஞாபகம் இருக்கா? (சிரிப்பு)

வள்ளுவர் அதிகாரங்களை வரிசையா அடுக்கின அழகைப் பாருங்க. நாற்பதாவது கல்வி. நாற்பத்தொண்ணு கல்லாமை. நாற்பத்திரண்டு கேள்வி. நாற்பத்துமூணு அறிவுடைமை. கல்லாமைக்கும் அறிவுடைமைக்கும் நடுவிலே பாலம் போட்டு வெச்சது எதை? கேள்வியை! படிக்க முடியாமப் போனவங்க அந்தப் பாலத்திலே நடந்து வரட்டும்னு கதவைத் திறந்து வெச்சவர் அவர்.

ஒரு குறை சொன்னாங்க, அதை நான் மறுக்கல. காதிலே மாட்டிக்கிட்ட பிள்ளை, கூப்பிட்டா திரும்பிப் பார்க்கறதில்லைன்னு. உண்மைதான். அதுக்கு ஒரு வழி சொல்றேன். தனியாக் கேட்காதீங்க, சத்தமா வையுங்க. பாட்டி கேட்கட்டும், அம்மா கேட்கட்டும், காய் நறுக்கிக்கிட்டே அப்பாவும் கேட்கட்டும். இடையிலே நிறுத்தி, 'இது சரியா?'ன்னு பேசுங்க. தனிக் காதிலே இருந்தாத்தான் அது அடைப்பு. நடு வீட்டிலே வெச்சா அது திண்ணை!

நிறைவா ஒண்ணு. 'கேட்பதுதான் துணைன்னு அம்மாவே சொல்லிட்டாங்க, அதனாலே நீ அடுப்படியிலேயே நின்னு கேட்டுக்க'ன்னு எந்தப் புருஷனும் இன்னைக்கு ராத்திரி தீர்ப்பு எழுதிடாதீங்க! 289லே 88 போனா 201. ஒரு நாளைக்கு 201 நிமிஷம் ஆண்கள் கணக்கிலே பாக்கி நிக்குது. முழுசாக் கேட்கல. முதல்ல ஒரு மணி நேரம் கொடுங்க. அந்த ஒரு மணி நேரத்திலே அவ உட்கார்ந்து புத்தகம் படிப்பா, பூத்தையல் போடுவா. சும்மாக் கூட இருப்பா, அது அவ இஷ்டம். அந்த நாள் வரட்டும், நானே என் நாற்காலியைத் தூக்கிக்கிட்டு எதிரணிப் பக்கம் போய் உட்கார்ந்துக்கறேன். (கைதட்டல்)

அந்த நாள் வர்ற வரைக்கும், கை ஓயாத அந்தப் பெண்ணுக்கும், கண் மங்கிப்போன அந்தத் தாய்க்கும், காது வழியா வருகிற குரல்தான் உற்ற துணை. நடுவர் அவர்கள் அவங்களை மனசிலே வெச்சு நல்ல தீர்ப்பு வழங்கணும்னு கேட்டுக்கறேன்.