தானமாக வந்த பள்ளிக்கூடம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இயலும் இசையும் நாடகமும் முழங்க வேண்டிய மேடை இது. இம்மேடையில் செங்கல்லையும் சிமெண்டையும் பற்றிப் பேச ஒருவனை அழைத்தது உங்கள் பெருந்தன்மை. நான் புலவன் அல்லேன். காண்ட்லாத் துறைமுகத்தை நாடி இக்காந்திதாமுக்கு வந்து குடியேறிய தமிழருள் ஒருவன். நாற்பது ஆண்டுகள் கட்டட வேலையிலே காலங்கழித்த பொறியாளன். நம் சங்கம் இவ்வாண்டு நன்கொடை திரட்டி, இக்கட்ச் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பள்ளிக்கு இரண்டு வகுப்பறைகள் கட்டித் தருவதெனத் தீர்மானித்திருக்கிறது. வாழ வந்த மண்ணுக்கு நாம் செலுத்தும் நன்றிக்கடன் அது. அத்தீர்மானத்தை மனமார வரவேற்கிறேன். அதனோடு ஒரு வேண்டுகோளையும் உங்கள் முன் வைக்கவே எழுந்தேன்.

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்பது நம் பழமொழி. மாட்டுக்கு அது பொருந்தலாம். தானமாக வந்த பள்ளிக்கூடத்திற்கு அது பொருந்தாது. மாட்டிலே குறையிருந்தால் பால் குறையும். தூணிலே குறையிருந்தால் குழந்தைகளின் உயிர் போகும்.

2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் காலை 8.46 மணியை இங்குள்ள பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அன்று நேர்ந்த நிலநடுக்கத்தில் குஜராத்தில் 13,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நமக்கு அண்மையிலுள்ள அஞ்சாரில் குடியரசு நாள் ஊர்வலமாகக் குறுகிய தெருவிலே சென்றுகொண்டிருந்த பிள்ளைகள் மீது இருபுறத்துக் கட்டடங்களும் சரிந்தன. 185 மாணவர்களும் 20 ஆசிரியர்களும் உயிரிழந்தனர். 2022-இல் அவர்களுக்கு அங்கே நினைவகம் திறக்கப்பட்டது. குழந்தைகளை அழைத்துக்கொண்டு ஒருமுறையேனும் சென்று பாருங்கள்.

அன்று விடுமுறை நாள். வேறு பல ஊர்களில் பிள்ளைகள் கொடிக்கம்பத்தைச் சுற்றித் திறந்த வெளியிலே நின்றதால் பிழைத்தனர். அவர்களுக்குப் பின்னால் வகுப்பறைகள் வீழ்ந்தன. 2005 அக்டோபர் 8-ஆம் நாள் காஷ்மீரில் நிலம் நடுங்கியபோது அந்த நற்பேறு வாய்க்கவில்லை. சனிக்கிழமை காலை, முசஃபராபாத் பகுதியில் பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன, ஆயிரக்கணக்கான மாணவர் இடிபாடுகளில் மடிந்தனர். நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25-ஆம் நாளும் சனிக்கிழமையே. ஆனால் அங்கே அது வார விடுமுறை. ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் பாழாயின. உள்ளே பிள்ளைகள் இல்லை. காத்மாண்டுப் பள்ளத்தாக்கில் முன்கூட்டியே வலுப்படுத்தப்பட்டிருந்த பள்ளிகளோ உறுதியாக நின்றன. அன்பர்களே, குழந்தையின் உயிரை நாள்காட்டியிடம் ஒப்படைப்பதா, நல்ல கட்டடத்திடம் ஒப்படைப்பதா?

2001-க்குப் பின் உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் கடன் வழங்கின. அறநிலையங்களும் வெளிநாட்டு அன்பர்களும் பொருள் ஈந்தனர். நல்ல பணிகள் பல நடந்தன. எனினும் உதவிப் பணத்தில் எழும் கட்டடத்திற்கு ஒரு தனிப்பட்ட ஆபத்து உண்டு. வீடு கட்டுகிறவன் தன் வீட்டு வாசலிலே நாற்காலி போட்டு உட்கார்ந்து மேஸ்திரியைக் கேள்வி கேட்கிறான். இங்கோ பணம் கொடுத்தவர் வெகு தொலைவிலே இருக்கிறார். அதைப் பெற்றவர், கேள்வி கேட்டால் நன்றி கெட்டவர் என்பார்களோ என்று வாய் மூடி நிற்கிறார். கடைக்கால் தோண்டுவதற்கு முன்பே திறப்பு விழாவுக்கு நாள் குறித்து விடுகிறார்கள். ஒப்பந்தக்காரர் இம்மூன்றையும் நன்கறிவார்.

ஆப்கானிஸ்தானத்தில், காபூல் மாகாணத்துப் பாத்காக் என்னும் ஊரில், அமெரிக்கப் பணத்தில் ஒரு பள்ளி எழுந்தது. ஆப்கன் மறுசீரமைப்புச் செலவுகளை ஆராய 2008-இல் அமெரிக்காவில் ஏற்படுத்தப்பட்ட தனி ஆய்வு அலுவலகம் 2013-இல் அதைப் பற்றி அறிக்கை வெளியிட்டது. மரச் சட்டக் கூரைக்கு மாறாகக் கனத்த கான்கிரீட்டுத் தளம் போடப்பட்டிருந்தது. சுவர்களுக்கும் ஒப்பந்தத்தில் கண்ட பொருளுக்குப் பதில் செங்கல் வைக்கப்பட்டிருந்தது. இம்மாற்றங்களுக்கு யாரும் ஒப்புதல் அளிக்கவில்லை. அதுவோ நிலநடுக்கம் மிகுந்த பகுதி. வேலை தொடங்கிப் பல மாதங்கள் கழிந்த பின்னரே மேற்பார்வையாளர் அங்கே சென்றனர் என்பதையும் அறிக்கை சுட்டியது. பணத்திற்கு அங்கே குறைவில்லை. உரிய காலத்தில் பார்க்கும் கண்தான் இல்லை.

'உரிய காலம்' என்று சொன்னேன். ஆய்வுக் கலையின் உயிர் அதுதான். கட்டடத்தின் வலிமை முழுவதும் பின்னர் மறைந்துவிடும் இடங்களிலே இருக்கிறது. பூச்சுப் பூசி வண்ணம் அடித்த பிறகு நல்ல சுவரும் கெட்ட சுவரும் ஒன்றுபோலவே சிரிக்கும். ஆகவே கடைக்கால் மூடப்படுமுன் ஒருமுறை, கம்பி கட்டியபின் கான்கிரீட்டு ஊற்றுமுன் ஒருமுறை, பூச்சு வேலைக்கு முன் ஒருமுறை நேரிற் பார்த்தே தீரவேண்டும்.

எதைப் பார்ப்பது? செங்கற் சுவரானால், அடிமட்டத்திலும், கதவு சன்னல்களுக்கு மேலே லிண்டல் மட்டத்திலும், கூரை மட்டத்திலும் சுவரைச் சுற்றிக் கம்பியிட்ட கான்கிரீட்டுப் பட்டை ஓடவேண்டும். கூடையைச் சுற்றி வரிந்த பிரம்பு போல அது நான்கு சுவரையும் ஒன்றாகப் பிடித்திருக்கும். மூலைதோறும் நெடுக்குக் கம்பி நிற்கவேண்டும். தூண்களானால், நெடுங்கம்பிகளைச் சுற்றிய வளையங்களின் முனை 135 பாகை வளைந்து தூணின் உள்ளே நுழைந்திருக்கவேண்டும். 90 பாகையோடு நிறுத்துவது எளிது, ஆனால் நில அதிர்ச்சியில் மேற்பூச்சு உதிர்ந்தவுடன் அவ்வளையம் விரிந்து திறந்துகொள்ளும், தூண் பிளக்கும்.

இந்நாட்டிலே தண்ணீர் உப்பு. உப்பு நீரிற் குழைத்த கான்கிரீட்டு உள்ளிருக்கும் கம்பியைத் துருவாக்கித் தின்றுவிடும். ஆகவே தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கலவை எளிதாக ஓடவேண்டுமென்று தண்ணீரை அள்ளி ஊற்றுவார்கள். அங்ஙனம் ஊற்றிய ஒவ்வொரு வாளியும் வலிமையைக் குறைக்கும். 50 கிலோ மூட்டைக்கு ஏறத்தாழ 25 லிட்டருக்கு மேல் வேண்டாம். ஊற்றும் கான்கிரீட்டிலிருந்து 15 சென்டிமீட்டர்ச் சதுரக் கட்டிகளை வார்த்து, 28 நாள் கழித்து ஆய்வுக்கூடத்தில் நசுக்கிப் பார்க்கும் முறை இருக்கிறது. அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். ஊற்றியபின் குறைந்தது பத்து நாளாவது ஈரம் காயாமல் காக்கவேண்டும். கட்ச் வெயிலில் இதுவே முதலிற் கைவிடப்படுவது.

தாய்மார்களும் செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. இரண்டு செங்கற்களை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்கவேண்டும். நகத்தாற் கீறினால் தடம் விழக்கூடாது. கண்ணாடிக் குப்பியிலே மணலை இட்டு உப்பு கலந்த நீர் ஊற்றிக் குலுக்கி வைத்தால், சில மணி நேரத்தில் வண்டல் மேலே தனிப் படலமாகப் படியும். அது தடித்திருந்தால் அந்த மணல் ஆகாது. அரிசியிற் கல் பொறுக்கும் கண்ணுக்கு இது அரிய வேலை அன்று.

இனி என் குற்றம் ஒன்றை உங்கள் முன் ஒப்புக்கொள்ளவேண்டும். 2002-ஆம் ஆண்டு, பச்சாவ் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஓர் அறநிலையம் மூன்று அறைப் பள்ளி கட்டியது. மேற்பார்வை செய்யும்படி என்னைக் கேட்டனர், ஊதியமின்றி ஒப்புக்கொண்டேன். லிண்டல் பட்டை போடும் வாரத்தில் அலுவல் காரணமாக நான் செல்லவில்லை. பிறகு சென்றபோது சுவர் முழுவதும் பூசியாகிவிட்டது. திறப்பு விழாவுக்கு ஆறு நாளே இருந்தது. ஊர்ப் பெரியவர் தேநீர் கொடுத்து, "பிள்ளைகள் ஓராண்டாகக் கூடாரத்தில் வேகிறார்கள், ஐயா" என்றார். காணாத வேலையைக் கண்டதாக எழுதிக் கையெழுத்திட்டேன். மாலை போட்டார்கள், ஏற்றுக்கொண்டேன்.

அதன்பின் கட்சில் நிலம் சிறிது அதிர்ந்த ஒவ்வோர் இரவும் அந்தக் கையெழுத்தே என் கண்முன் நின்றது. ஓராண்டு கழித்து அவ்வூருக்குச் சென்று தலைமையாசிரியையிடம் உண்மையைச் சொன்னேன். அந்த அம்மையார் சினக்கவில்லை. "எந்த அறையில் முதலில் பார்க்கலாம்?" என்று மட்டுமே கேட்டார். பூச்சைப் பெயர்த்தோம். பட்டை இருந்தது, ஆனால் இரண்டு மூலைகளிலே அதன் கம்பிகள் ஒன்றோடொன்று பிணைக்கப்படாமல் வெறுமனே நின்றுபோயிருந்தன. மூலையிற் பிணையாத பட்டை, கொக்கியில்லாத அரைஞாண். கம்பி வலையைச் சுவரோடு ஆணியடித்துப் பொருத்தி, மேலே வளமான சிமெண்டுக் கலவை பூசி, பட்டையைப் புறத்தே சுற்றி வலுப்படுத்தினோம். தொடக்கத்தில் அரைநாள் சென்று பார்த்திருந்தால் இரண்டு கம்பித் துண்டுகளோடு முடிந்திருக்கும் வேலை அது. பின்னர் மூன்று வாரமாயிற்று.

அப்பள்ளி இன்றும் நிற்கிறது. ஆனால் நிற்பதொன்றே நற்சான்று ஆகாது. பெரிய அதிர்ச்சி வரும் நாளிலே தான் எந்தக் கட்டடத்திற்கும் தேர்வு. அத்தேர்வுக்கு உள்ளே அமர்ந்திருப்பவர்கள் குழந்தைகள்.

நல்ல வழியும் இம்மண்ணிலேயே காட்டப்பட்டிருக்கிறது. 2001-க்குப் பின் வீடிழந்தோருக்குக் குஜராத் அரசு உதவிப் பணத்தை ஒரே தவணையாகக் கொடுக்கவில்லை. வேலை இன்ன கட்டம் வரை ஒழுங்காக வந்தது என்று பொறியாளர் சான்றளித்த பின்னரே அடுத்த தவணை. அதற்கும் மேலாக, கட்டியவரையும் பணம் கொடுத்தவரையும் சாராத மூன்றாம் தரப்பாக, சிமெண்டு மற்றும் கட்டடப் பொருள்களுக்கான தேசியக் குழுவைக் கொண்டும் தரம் தணிக்கை செய்யப்பட்டது. பணமும் ஆய்வும் ஒரே கயிற்றில் பிணைந்தால் ஏமாற்றுவது கடினம்.

ஆகவே சங்கத்தாருக்கு என் வேண்டுகோள் மூன்று. திரட்டும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் மூன்று ரூபாயை ஆய்வுக்கென்றே தனியே எடுத்து வையுங்கள். அது செங்கல்லுக்கு ஆகும் செலவைப் போன்றதே. நான் சொன்ன மூன்று கட்டங்களில் ஆய்வாளர் கையெழுத்திடாமல் அடுத்த தவணை கொடாதீர்கள். அந்த ஆய்வாளர் நம்மவராகவும் ஒப்பந்தக்காரரின் உறவினராகவும் இருக்கவேண்டாம். மூன்றாவது, திறப்பு விழாவுக்கு இன்று நாள் குறியாதீர்கள். பள்ளி ஆயத்தமான பின் நாள் பார்ப்போம்.

அந்த ஊராரிடமும், "எங்கள் தானத்தைப் பல்லைப் பிடித்துப் பாருங்கள், அதனால் எங்கள் மனம் புண்படாது" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வரைபடத்தின் படி ஒன்றைக் குஜராத்தி மொழியில் எழுதிப் பள்ளி வாசலிலே ஒட்டுங்கள்.

கல்வெட்டிலே சங்கத்தின் பெயர் பொறிக்கப்படும். அது நமக்குப் பெருமை. அக்கல்வெட்டைத் தாங்கும் சுவருக்குள்ளே நம் பெயர் எழுதாத, யாரும் காணாத கம்பி ஒன்று மூலையில் சரியாகப் பிணைந்திருக்கட்டும்.