இரட்டைப் பின்னலும் எங்கள் நெற்றியும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பெண்களின் உடல்நலம் பற்றிப் பேசும்படி செயலாளர் கேட்டபோது, நீரிழிவு பற்றியோ மார்பகப் புற்றுநோய் பற்றியோ பேசுவேன் என்று நினைத்திருப்பார். நான் தலைமயிரைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்க வேண்டாம். தோல் நோய்க் கிளினிக்கில் என் முன்னால் இருந்து அழுத பெண்களில் கூடுதலானோர் முடி கொட்டுகிறது என்று வந்தவர்கள்தான்.

முதலில் என் கதை. ஆண்டு 6 இல் இங்கே சேர்ந்த நாள் முதல், காலையில் அம்மா என்னைத் திண்ணைப் படியில் இருத்தி, முழங்கால்களுக்கு நடுவே தலையைப் பிடித்து, இரண்டாக வகிடெடுத்து, கண் இரண்டும் மேலே இழுபடும் மட்டும் இறுக்கிப் பின்னி, மடித்து ரிபன் கட்டுவா. வெள்ளிக்கிழமைகளில் தோய்ந்த ஈரம் காயமுதலே பின்னல். குலைந்தால் வாசலில் நிற்கும் மாணவத் தலைவி உள்ளே விடமாட்டா. அந்த அக்காமாரில் சிலர் இன்று முன்வரிசையில் இருக்கிறார்கள். எனக்கு இன்னும் பயம் தெளியவில்லை.

நெற்றியோரம் நோகும், சின்னச் சின்னப் பருக்கள் வரும். "நொந்தால்தான் வடிவாய் இருக்கும்" என்பா அம்மா. க.பொ.த. சாதாரண தரம் எடுக்கும்போது என் நெற்றி இரு பக்கமும் மேலே ஏறிவிட்டது. "படிப்பு நெற்றி" என்றார்கள், நானும் பெருமையாக நம்பினேன். பல வருடங்களின் பின், மேற்படிப்புக்காகப் புரட்டிய பாடப்புத்தகம் ஒன்றில் ஒரு படம் இருந்தது. அது என் நெற்றி.

இதை இழுவை முடியுதிர்வு என்கிறோம். மயிரை இறுக்கிக் கட்டும் வழக்கமுள்ள கிரீன்லாந்துப் பெண்களிடம் இது காணப்பட்டதை 1907 இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். இறுக்கமான சிறு பின்னல்கள் போடும் ஆபிரிக்க வம்சாவளிப் பெண்களிடமும், கொண்டை முடியும் சீக்கிய ஆண்களிடமும்கூட இது உண்டு. மயிர்க்கால் நாளும் இழுபட்டால் அழற்சி வரும். அந்தக் கட்டத்தில் தளர்த்திவிட்டால் முடி திரும்ப முளைக்கும். வருடக்கணக்காக விட்டால் மயிர்க்கால் தழும்பாகிவிடும். பிறகு எந்த எண்ணெயும் எந்த மருந்தும் அதை எழுப்பாது. நோவு, பருக்கள், காதுக்கு முன்னால் ஐதாதல், நெற்றி விளிம்பில் மட்டும் குட்டை மயிர்கள் ஒரு கோடாக எஞ்சி நிற்றல் ஆகியவைதான் அடையாளங்கள். என்னுடையது திரும்பி வரவில்லை.

எல்லா முடியுதிர்வும் இதுவல்ல. பிள்ளை பிறந்து 3 மாதமளவில் கொத்துக் கொத்தாகக் கொட்டுவது, கர்ப்ப காலத்தில் உதிராமல் நின்ற மயிர் ஒன்றாக உதிர்வதுதான். டெங்கு போன்ற கடும் காய்ச்சலின் பின்னும் அப்படியே. கண்ணூறு கழிக்க விரும்பினால் கழியுங்கள், ஆனால் பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் அது தானாகவே தேறும். தேறாவிட்டால் இரத்தப் பரிசோதனை வேண்டும். இரண்டு வருடமாக எண்ணெய் மாற்றி மாற்றிப் பூசியபின் ஒரு பெண் வந்தா. கலியாண வீடுகளுக்குப் போவதையே விட்டிருந்தா. மாதவிடாய்ப் பெருக்கு நெடுங்காலமாக இருந்தது, அதை யாரும் கேட்கவில்லை. ஈமோகுளோபின் ஓரளவு சரியாகத்தான் இருந்தது. இரும்புச் சேமிப்பைக் காட்டும் பெரிற்றின் அடிமட்டத்தில். ஆகவே பெரிற்றினையும் தைரொயிட்டையும் சேர்த்துப் பாருங்கள். முடிக்கென்று பயோற்றின் மாத்திரை எடுப்பவர்கள் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள், அது தைரொயிட் முடிவுகளைப் பிழையாகக் காட்டக்கூடும்.

வகிடு வரவர அகன்றுகொண்டு போனால் அது வேறு. அது பெரும்பாலும் பரம்பரை. அதற்கு மினொக்சிடில் உண்டு. முதல் வாரங்களில் உதிர்வு கூடும், பலன் தெரிய 4 முதல் 6 மாதம் செல்லும். நம்மவர் இரண்டாம் மாதமே நிறுத்திவிட்டு "சரிவரேல்லை" என்பார்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டுபவர்களும் கேளாமல் தொடக்கூடாது.

எண்ணெயைப் பற்றிச் சொன்னால் அம்மம்மாமார் கோபிப்பார்கள். தேங்காயெண்ணெய் மயிரிழைக்கு நல்லது. புரதம் கழிந்து போவதைக் குறைக்கிறது. ஆனால் சொடுகு உள்ள தலையில் எண்ணெய் தப்புவது, அங்கே வாழும் பூஞ்சைக்குச் சோறு போடுவதுதான்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருந்து வந்திருக்கும் சகோதரிகளுக்கு ஒன்று. எங்கள் நிறத் தோலில் அழற்சி சிவப்பாகத் தெரியாது. கபிலமாகவோ ஊதாவாகவோ தெரியும். வெள்ளைத் தோலைப் பார்த்துப் பழகிய கண் அதைத் தவறவிடலாம். அரிப்பு, எரிவு, நோவு இருந்தால், "ஒன்றுமில்லை" என்ற பதிலோடு எழும்பி வராதீர்கள். தோல் நிபுணரிடம் அனுப்பக் கேளுங்கள்.

அதிபர் அவர்களே, நான் இன்று மேடை ஏறியதே உங்களிடம் ஒன்று கேட்கத்தான். இரட்டைப் பின்னல் இருக்கட்டும். ரிபனும் இருக்கட்டும், அந்தப் படங்களைப் பார்த்துத்தானே நாங்கள் ஒருவரையொருவர் அடையாளம் காண்கிறோம். தளர்வாகப் பின்னலாம், ஈரத்தோடு பின்னத் தேவையில்லை, நோகிறது என்று சொல்லும் பிள்ளை அன்றைக்கு ஒற்றைப் பின்னலோடு வரலாம் என்று பெற்றோருக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். வாசலில் நிற்கும் மாணவத் தலைவிகளுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். காலையில் மண்டபத்துக்கு வரும்போது ஆண்டு 6 பிள்ளைகள் வரிசையாக நின்று வரவேற்றார்கள். மூன்று பேருடைய நெற்றியோரத்தில் பருக்களைக் கண்டேன். அவர்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது.

கேள்விகள் இருந்தால் மதிய உணவின்போது வாருங்கள். தேநீரை மட்டும் சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் பொறுத்துக் குடியுங்கள். சாப்பாட்டோடு குடித்தால் அதிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வது குறையும்.