மலையைக் காட்டி விற்ற வண்டி

நடுவர் அவர்களே! ஏமாற்றத்துக்குக் காரணம் ஆசைதான் என்று எதிரணித் தலைவர் சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டார். ஆசைப்பட்டது தப்பாங்கய்யா?

எங்க ஆட்டையாம்பட்டியில் என் தம்பி ரெண்டு தறி ஓட்டுறான். ஆறு வருஷச் சீட்டுப் பணத்தை முன்பணமாகக் கட்டி டூரிங் பைக் வாங்கினான். விளம்பரத்துல பனிமலை! 'கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவும் அலுங்காம ஏறும்'னாரு கடைக்காரர். ஏறுச்சுங்க, பொய்யில்லை. கொல்லிமலைக்கு வருஷத்துல ரெண்டு நாள். மீதி 363 நாள் நூல் வாங்கப் போகணுமே! முறுக்குக் கடை வீதியில் முதல் கியர்ல உருட்டினா, 400 சிசி எஞ்சின் சூடு முழங்காலைச் சுடுது. 200 கிலோ எடை. சந்துல திருப்ப ரெண்டு ஆள் வேணும். பக்கத்து வீட்டம்மா கேட்குது: 'ஏங்கண்ணு, வண்டி வாங்கினியா, அடுப்பு வாங்கினியா?' (சிரிப்பு)

ஓட்டிப் பார்க்கக் கொடுத்தாங்களே, எங்கே? ஆளில்லாத பைபாஸில், ஒரே ஒரு கிலோமீட்டர்! சந்தை நாளில் விட்டிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் என்கிறது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஆனா வண்டி மலை ஏறுதே! உண்மையைச் சொல்லியே ஏமாத்தினா எந்த கோர்ட்டுக்குப் போறது?

தம்பி இப்போ நூலுக்கு என் பழைய மொபெட்டைக் கேட்கிறான். மாசம் தவறாமப் பயணம் போறது தவணை மட்டும்தான், நடுவர் அவர்களே! (கைதட்டல்)