அபயதானமும் கிண்டி வனமும்



சென்னை மாநகரின் நடுவே, ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ளது கிண்டி வனம். 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற இங்கு வெளிமானும் புள்ளிமானும் நரியும் கீரியும் வாழ்கின்றன. பதினாறாம் தீர்த்தங்கரராகிய சாந்திநாதரின் இலாஞ்சனம் மான் என்பதை அறிந்தோர்க்கு அம்மான்களைக் காண்பது தனி இன்பம்.

ஆயினும் சிலர், புண்ணியம் எனக் கருதி, வேலியோரம் நின்று பழமும் ரொட்டியும் நெகிழிப் பையோடு வீசுகின்றனர். அசைபோடும் விலங்கின் இரைப்பையில் அப்பை செரியாது தங்கி, உயிரையே போக்கிவிடும். கைத்தீனிக்குப் பழகிய மானோ சாலையோரம் வந்து வண்டியிலும் நாய்களின் வாயிலும் சிக்கும். ஈந்தவர் கருதியது தயை, விளைந்ததோ இம்சை.

சமணம் வகுத்த தானங்கள் நான்கு: ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம். துறவியர்க்கும் பசித்தோர்க்கும் ஆகாரதானம் உரியது. காட்டுயிர்க்கு வேண்டிய புல்லையும் தழையையும் காடே தரும். மனிதர் தரவேண்டியது அபயதானம். ஓசையின்றி நடத்தலும், விலகி நின்று காணுதலும், கொண்டுசென்ற பையை மறவாது திரும்பக் கொணர்தலுமே அத்தானம். மனிதர் அருகிருந்தும் மான் அஞ்சாது மேயுமாயின், அதுவே அத்தானம் நிறைவேறியதற்குச் சான்று.